நேர்கோட்டு முறை

"தேய்மானம்" என்றார் எலும்பு டொக்டர்
படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி.
ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே கடல்.
ஒரு வள்ளம் அசையாமல் நின்றது.
எனக்குச் சிரிப்பு வந்தது.
இருபத்தேழு வருசம் உயர்தர வகுப்புக்கு
அந்தச் சொல்லைத்தான் படிப்பித்தேன்.
பெறுமானத் தேய்வு.
மோட்டார் வாகனம், தளபாடம், இயந்திரம்.
நிலம் தேயாது, எழுதிக்கொள்ளுங்கோ.
முழங்காலை எந்தப் பக்கத்தில் போடுவது என்று
ஒரு பிள்ளையும் கேட்டதில்லை.

நேர்கோட்டு முறையில்
ஆண்டுக்கு ஆண்டு ஒரே அளவாய்க் குறையும்.
இது அப்படி இல்லை.
செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போய்
கீரையும் சூடை மீனும் தூக்கி வந்தேன், ஒன்றுமில்லை.
புதன் விடிய, கட்டில் விளிம்பில் இருந்து
பத்து நிமிடம்
வலது காலைக் கெஞ்ச வேண்டியிருந்தது.
வாடை தொடங்கப் போவதும்
முதலில் அதற்குத்தான் தெரியும்,
வானொலி பிறகுதான் சொல்லும்.

என்னதான் செய்யவில்லை.
நொச்சி அவித்து ஒத்தடம்.
பக்கத்து வீட்டு றிஸ்மியா காய்ச்சித் தந்த
கருஞ்சீரக எண்ணெய்.
தலையணை உறையில் இன்னும் அந்த மணம்.
கன்னியா வெந்நீரூற்றில்
ஏழு கிணற்றிலும் வாளி வாளியாய் அள்ளி ஊற்றினேன்.
ஏழாவது கிணற்றடியில் நோவு போயிற்று.
திரும்பி வரும் பஸ்ஸின் முதற்படியில்
எனக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

கிளினிக்கில் துலாஞ்சலி என்று ஒரு பெண்,
என் கடைசி மகளின் வயசு.
துவாயைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்து
"அம்மா, அமத்துங்க, பத்து எண்ணுங்க" என்பாள்.
தானும் சேர்ந்து எண்ணுவாள்.
அவளுடைய தமிழில் ஏழும் எட்டும் இடம் மாறும்.
நான் திருத்துவதில்லை.
படிப்பிப்பதை விட்டு நாலு வருசம்.

பிறகு, தவமலர் வீட்டுச் செத்தவீடு.
எல்லாரும் பாயில்.
தோளில் தோள் சாய்ந்து
ஒரே உடம்பாய் அழுதார்கள்.
எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் கதிரை,
நீலம், யாரோ ஒரு பெடியன் கொண்டுவந்து போட்டது.
அந்த உயரத்தில் இருந்து அழ ஏலாது.
கண்ணீர் வந்தாலும்
வேடிக்கை பார்க்கிற மாதிரித்தான் இருக்கும்.
இறங்கினால் என்னை எழுப்ப நாலு பேர் வேண்டும்.
அங்கே நாலு பேருக்கு
வேறு வேலை இருந்தது.

தவமலர்தான் பாயை விட்டு
அரக்கி அரக்கி வந்தாள்.
புருசன் போய் ஆறு மணித்தியாலம்.
என் வலது முழங்காலில்,
சரியாய் அந்த முழங்காலிலேயே,
தலையை வைத்தாள்.
சில்லுக்குள் சூடான திறப்பு ஒன்று திரும்பியது.
சொல்லவில்லை. காலை எடுக்கவில்லை.
மேளம் வரும்வரை
அவள் தலை அங்கேயே கிடந்தது.
வரவா செலவா,
இன்னும் பதியவில்லை.

இப்போது கச்சான் காலம்,
உப்புவெளிக் கடல் படுத்துக் கிடக்கிறது.
சனிக்கிழமை விடியப்புறம்
இடுப்பளவு தண்ணீரில் நடக்கிறேன், துலாஞ்சலி சொன்னபடி.
சோட்டிக்கு மேலே மகனின் பழைய சேர்ட்.
வலை இழுக்கிற பெடியள் முதல் கிழமை சிரித்தார்கள்,
இப்போது "டீச்சர், அந்தப் பக்கம் பள்ளம்" என்கிறார்கள்.
தவமலர் கரையில் இருந்து
என் செருப்பையும் ஊன்றுதடியையும் காவல் காக்கிறாள்.
அவளுக்கு நீச்சலும் தெரியாது, நித்திரையும் இல்லை.

உள்ளே போகப்போக
பாதி உடம்பைக் கடல் வாங்கிக்கொள்கிறது.
காலுக்குக் கால் என்ற நினைப்பே இல்லை.
வெளியே வரும்போது
அடிக்கு அடி, கிலோ கிலோவாக,
என்னை எனக்கே திருப்பித் தருகிறது,
ஒரு சதம் குறைக்காமல்.

கணுக்கால் அளவில் நிற்பேன்.
"போவமா?" என்பாள் தவமலர்,
மண்ணைத் தட்டிக்கொண்டு.
இன்னும் ஒருக்கா, என்பேன்.